நூறு வெள்ளிக்குப் புத்தகம்: எந்தக் கடையில் கொடுப்பது?

அமெரிக்காவில் ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை சுயேச்சைப் புத்தகக் கடைகளுக்கான நாள். பெருநிறுவனக் கிளையாக இல்லாமல், ஒருவரோ ஒரு குடும்பமோ சொந்தமாக நடத்தும் கடைகளை வாசகர்கள் அன்று தேடிப்போய் வாங்குகிறார்கள். அந்த நாளுக்கென்றே அச்சிட்ட சிறப்புப் பதிப்புகள், துணிப்பைகள், குறிப்பேடுகள் என்று கடைகளும் தயாராக இருக்கும். இங்கே மலேசியாவில் அப்படியொரு நாள் இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று, புத்தகத் தலைநகரம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது.

நாள் கிடக்கட்டும். கையில் நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். பலகார டப்பாவுக்குப் பதிலாகப் புத்தகம் கொடுக்கலாம் என்று ஆசை. நமக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கோலாலம்பூரில் இருக்கும் தமிழ் வாசகர் இந்தப் பணத்தைக் கொண்டுபோகக்கூடிய இடங்கள் இவை: நூல் வெளியீட்டு விழா, தமிழ்ப் புத்தகக் கடை, ஆங்கில, மலாய் நூல்கள் விற்கும் சுயேச்சைக் கடை, பேரங்காடிக் கடை, சென்னைத் தபால். என் ஓட்டு தமிழ்ப் புத்தகக் கடைக்கு. கடைக்காரர் பாவம் என்பதற்காக அல்ல. அவருடைய அலமாரியில் ஒரு புத்தகம் ஒரு வருடமாவது நிற்கும் என்பதற்காக.

மேடையும் கடையும்

மலேசியத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, கடைக்கு உண்மையான போட்டி கினோகுனியா போன்ற பேரங்காடிக் கடை அல்ல, வெளியீட்டு விழாதான். விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் சோமா அரங்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூலாய்வு எல்லாம் முடிந்தபின் விழாவின் மெய்யான நிகழ்ச்சி தொடங்கும். முதல் நூலைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர் மேடையேறுவார். பண உறை கைமாறும், படம் எடுப்பார்கள். அடுத்து அறிவிப்பாளர் பெயர்ப்பட்டியலைப் படிக்க ஆரம்பிப்பார். டத்தோ பட்டம் பெற்றவர், இயக்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுத்தாளரின் சம்பந்தி என்று வரிசை நீளும். ஒவ்வொருவரும் உறையைக் கொடுத்துவிட்டு, வாங்கிய புத்தகத்தின் அட்டை கேமராவில் விழும்படி மார்போடு பிடித்து நிற்பார்கள். பிறகு கீழே மீகூன், வடை, தேநீர்.

உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலை அல்ல. முப்பது வெள்ளிப் புத்தகத்துக்கு ஐம்பது வைப்பவர் உண்டு, நூறு வைப்பவரும் உண்டு. மேடையேறும் பிரமுகரின் உறை இன்னும் கனமாக இருக்கும். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். அச்சகத்துக் கடனை அடைப்பது அந்த ஒரு மாலைதான். அதே புத்தகத்தைக் கடையில் கொடுத்தால் விலையில் முப்பது, நாற்பது விழுக்காடு கழிவாகப் போய்விடும். மிச்சமும் விற்ற பிறகே கைக்கு வரும். எந்த எழுத்தாளர் கடையைத் தேடி ஓடுவார்?

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. நாளிதழில் விழாச் செய்தியும் படமும் வந்திருக்கும். சுங்கை பட்டாணியில் ஒரு தமிழாசிரியை அதைப் படித்துவிட்டு அந்த நாவலை வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவார்? கடைகளில் இருக்காது. தெரிந்தவர் மூலம் எழுத்தாளரின் கைபேசி எண்ணைப் பிடித்து, வங்கிக் கணக்கில் பணம் போட்டு, ரசீதைப் படமெடுத்து அனுப்பி, அவர் வேலை முடிந்து தபால் நிலையத்துக்குப் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். விழாவில் வாங்கியவர்களின் பிரதிகளோ கார்ப் பின்னிருக்கையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். மிஞ்சியவை எழுத்தாளர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பெட்டி பெட்டியாக அடங்கிவிடும். படிக்க விரும்புகிறவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தவர் படிக்கவில்லை. இந்த இடத்தில்தான் கடை ஜெயிக்கிறது. அங்கே புத்தகம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை.

கடைசி அலமாரி

ஜாலான் ஈப்போ வட்டாரம், மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என்று தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்கள் சுற்றும் பாதை ஒன்று உண்டு. ஜெயபக்தி, உமா பதிப்பகம் ஆகிய பெயர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் பழக்கம். பயிற்சி நூல்களின் அட்டையில் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்தவை.

இப்படிப்பட்ட ஒரு கடையில் நுழைந்தால் முதலில் எதிர்கொள்வது இலக்கியம் அல்ல. ஆண்டு 1 முதல் ஆண்டு 6 வரை பயிற்சி நூல்கள், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுக்கான தமிழ்மொழி வழிகாட்டிகள், அகராதி, பஞ்சாங்கம், தேவாரத் திரட்டு, சமையல் குறிப்பு. எல்லாவற்றையும் தாண்டி, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் நாவலும் சிறுகதையும் இருக்கும். "இலக்கியத்துக்கு இவ்வளவுதான் மரியாதை" என்று நொந்துகொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. முன்னால் இருக்கும் பயிற்சி நூல்தான் பின்னால் இருக்கும் நாவலுக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறது.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. 2021-இல் ஆறாம் ஆண்டு மாணவர்களின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எடுக்கப்பட்டது, மறு ஆண்டு மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வும் போனது. பிள்ளைகளுக்கு நிம்மதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்காகப் பெற்றோர் பாடத்துக்கு இரண்டு மூன்று என்று மாதிரித் தேர்வு நூல்களை அள்ளிக்கொண்டு போன காலம் அதோடு முடிந்தது. அந்த அடுக்கு மெலிந்தால் கடைசி அலமாரியின் வாடகையை யார் கட்டுவது?

இந்தக் கடைகளில் நம்மவர்கள் ஏறக்குறைய எல்லாருமே செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. பின்னட்டையில் ரிங்கிட் விலை ஒட்டியிருக்கும் சிறு தாளின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி, அடியில் அச்சாகியிருக்கும் ரூபாய் விலையைப் பார்ப்பது. 300 ரூபாய். வெள்ளிக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்று போட்டால் 15 வெள்ளிதானே, 35 ஒட்டியிருக்கிறார்களே என்று முகம் சுருங்கும். புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும், தாளின் ஓரம் மட்டும் சுருண்டிருக்கும். அந்த இருபது வெள்ளி இடைவெளியில் கப்பல் கூலி இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் இருக்கிறது. அதைவிட முக்கியம், விற்காமல் போகும் மற்ற நான்கு புத்தகங்களின் நட்டமும் இருக்கிறது. கடல் தாண்டி வந்ததைத் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது. நாம் வாங்கும் ஒன்றுதான் அந்த நான்கையும் சுமக்கிறது.

அன்பளிப்புப் பொருள் விஷயத்தில் தமிழ்க் கடை தோற்றுப்போகிறது. நல்ல புத்தகக் குறியட்டை ஒன்று கேட்டுப் பாருங்கள், குத்துவிளக்கு சுலபமாகக் கிடைக்கும். நாள்காட்டி உண்டு, திருவள்ளுவர் படம் உண்டு. அழகாகச் சுற்றிக் கொடுக்கும் தாளும் நாடாவும் நாமே கொண்டுபோக வேண்டியதுதான். ஆனால் வேறெங்கும் கிடைக்காத பரிசு ஒன்றையும் இங்கேதான் தேடவேண்டும். திருக்குறளுக்கு மலாய் மொழிபெயர்ப்புகள் உண்டு. அலுவலகத்தில் இருக்கும் மலாய் நண்பருக்குத் தீபாவளி முறுக்கோடு சேர்த்து அதைக் கொடுத்தால், முறுக்கைவிட நீண்டநாள் பேச்சு ஓடும். கடையில் இல்லையென்றால் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். உள்ளூர் எழுத்தாளரின் நாவலையும் இப்படிக் கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று பேர் கேட்டால்தான் எழுத்தாளருக்குத் தொலைபேசி போகும், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டியும் திறக்கும்.

தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கு

நம் வீடுகளில் தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் நாவலைப் பரிசாகக் கொடுப்பது நமக்குத் திருப்தி தரலாம், அவர்களுக்குத் தராது. அவர்களுக்கு நான் பெட்டாலிங் ஜெயா கெராக்பூடாயாவைச் சொல்வேன். எஸ்.ஐ.ஆர்.டி. என்ற பெயரில் தானே பதிப்பிக்கும் கடை அது. இந்நாட்டு அரசியல், தொழிலாளர் வரலாறு, சமூக ஆய்வு என்று பேரங்காடிக் கடைகள் ஓரமாக வைக்கும் நூல்களுக்கு இங்கே நடு இடம். ரப்பர்த் தோட்டத்தில் தாத்தா என்ன கூலிக்குப் பால்மரம் சீவினார், ஆள் சேர்த்த கங்காணி முறை எப்படி நடந்தது என்று ஆங்கிலத்திலாவது ஒரு பேரப்பிள்ளை படிக்கட்டுமே. முன்பு பங்சாரில் 1999-இல் தொடங்கிய சில்வர்ஃபிஷ் கடையும் இப்படித்தான், மலேசியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைத் தானே பதிப்பித்து விற்றது. பதிப்பிப்பவரே விற்கும்போது, அவருக்கு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் பூர்வீகமும் தெரிந்திருக்கும்.

இக்கடைகளில் தமிழ் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் தெரியாதவர் தமிழ் நூலைத் தேர்ந்து அடுக்க முடியாது. தெரிந்த நாம் கேட்டதும் இல்லை.

பேரங்காடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கே.எல்.சி.சி. கினோகுனியா ஆங்கிலம், மலாய், சீனம், ஜப்பானியம் என்று விரிந்த பெரிய கடை. உலக இலக்கியத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஜாலான் சுல்தானில் பழைய திரையரங்கான ரெக்ஸ் கட்டடத்துக்குள் இருக்கும் புக்எக்சஸ், வெளிநாட்டில் மிஞ்சிப்போன பிரதிகளை மலிவு விலையில் தருகிறது. சிறு பிள்ளைகளின் படப் புத்தகத்துக்கு அதுவே போதும். இரண்டும் நம் நூறு வெள்ளி இல்லாமலேயே நன்றாக இருக்கும்.

சென்னைத் தபால் விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். இணையத்தில் தேடினால் கிடைக்காத தமிழ்நாட்டு நூல் இல்லை, விலையும் ரூபாய் விலை. ஆனால் ஒரே ஒரு புத்தகம் வரவழைத்தால் தபால் கூலி புத்தக விலையைத் தாண்டிவிடும். பத்து நூல் சேர்த்து வாங்குகிறவருக்கும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் பெட்டியின் எடையோடு விமான நிலையத்தில் மல்லுக்கட்டத் தயாராக இருப்பவருக்கும் அது சரியான வழி. அவசரப் பரிசுக்கு உதவாது. மேலும், இரண்டாம் உலகப் போர்க்காலச் சயாம் மரண ரயிலைப் பற்றியோ தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசை வீடுகளைப் பற்றியோ இங்கே எழுதப்பட்ட நூல்களைச் சென்னையில் தேடிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பினாங்கில் இருந்தால்

பினாங்கில் நிலைமை தலைகீழ். லெபோ பாசார் லிட்டில் இந்தியாவில் சேலை, நகை, பூமாலை, பாட்டு எல்லாம் தெருவரைக்கும் வழியும். தமிழ் நாவல் வேண்டுமென்றால் கோலாலம்பூருக்குச் சொல்லி வரவழைப்பதே மேல். ஆனால் ஆங்கிலச் சுயேச்சைக் கடையில் பினாங்கு தலைநகரை வென்றுவிடுகிறது. லெபோ பந்தாயில் பழைய கடைவீட்டில் இயங்கும் ஹிக்காயாட்டில் நிதானமாக அலமாரி மேயலாம். பினாங்குக்கே உரிய பரிசு வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பதிப்பகமான அரேக்கா புக்ஸ் 2014-இல் வெளியிட்ட, சூலியர்களைப் பற்றிய கூ சல்மா நசுத்தியோனின் ஆய்வு நூலைச் சொல்வேன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி 1786 முதல் 1957 வரை தமிழ் முஸ்லிம்கள் எப்படி ஊர் அமைத்தார்கள் என்ற வரலாறு. கனமான புத்தகம், விலையும் கனம். நூறு வெள்ளிக்குள் அடங்காவிட்டால் உறவினர் இருவர் சேர்ந்து கொடுக்கலாம். சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கும் ஒரு நடை போகலாம். நேரம் இருந்தால் மட்டும். அங்கே போய் அரை மணியில் திரும்பியவர் யாரும் இல்லை.

கோலாலம்பூர் வாசகரின் நூறு வெள்ளிக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அறுபது தமிழ்க் கடைக்கு: அதில் பாதியாவது உள்ளூர் எழுத்தாளருக்கு, விலைத்தாளைக் கிளப்பாமல். நாற்பது கெராக்பூடாயா போன்ற கடைக்கு. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு வந்தால் போங்கள், உறையும் கொடுங்கள், அது இந்த நூறில் சேராது. வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு இருக்கும் 2,500 வெள்ளிக் கழிவில், நமக்கோ துணைக்கோ பிள்ளைக்கோ வாங்கும் புத்தகமும் அடக்கம். கடையில் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விழா உறைக்கு ரசீது கிடைக்காது.