பிளப்பதும் ஒட்டுவதும் ஒரே சொல்லா: எட்டிமான்லைன் அகராதி மதிப்புரை

ஓர் ஆங்கிலச் சொல் ஒன்றுக்கொன்று முரணான இரு பொருள்களைத் தாங்கி நிற்கும்போது, ஒரே சொல்லின் பொருள் கிளைத்ததா, அல்லது வெவ்வேறான இரு சொற்கள் ஒலியில் ஒன்றாகிப்போயினவா என்பதை அன்றாடப் பயன்பாட்டுக்கான அகராதிகள் பெரும்பாலும் விளக்குவதில்லை. அதற்கு உதவுவது, அமெரிக்கரான டக்ளஸ் ஹார்பர் உருவாக்கிய, 'எட்டிமான்லைன்' என்று வழங்கப்படும் இணையச் சொற்பிறப்பியல் அகராதி. இதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பிளத்தல், ஒட்டிக்கொள்ளுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும் 'க்ளீவ்' என்ற வினைச்சொல்லைத் தேடினாலே இதன் தரம் விளங்கும். அங்கே அதற்கு எண்ணிட்ட இரு தனிப் பதிவுகள் உள்ளன. பிளப்பது பழைய ஆங்கிலத்தின் 'க்ளேயோஃபன்', ஒட்டுவது 'க்ளிஃபியன்'. பிறப்பில் தொடர்பற்ற இவ்விரண்டும் இடைக்கால ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கி, ஒன்றின் வடிவத்தை மற்றொன்று கடன்வாங்கும் அளவுக்குக் கலந்துவிட்டன. வேர்களைத் தொடர்ந்து சென்றால், பூண்டுப் பல்லைக் குறிக்கும் 'க்ளோவ்', பண்டைய எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் 'ஹைரோக்ளிஃப்' ஆகியவை பிளத்தலுக்கும், களிமண்ணைக் குறிக்கும் 'க்ளே', பசையைக் குறிக்கும் 'க்ளூ' ஆகியவை ஒட்டுதலுக்கும் உறவாகின்றன. கிராம்பைக் குறிக்கும் 'க்ளோவ்' மட்டும், ஆணி என்று பொருள்படும் இலத்தீன் 'க்ளாவுஸ்' வழி வந்த வேற்றுக் குடும்பத்துப் பிள்ளை. இப்படிக் கிளைவழி அலைந்து திரிவதுதான் இந்த அகராதியின் பெரிய இன்பம் என்பேன்.

ஒப்புதல், தண்டனைத் தடை என்று இரு பொருள் தரும் 'சாங்ஷன்' இதற்கு நேர்மாறானது. மீறக்கூடாததாக்கி விதித்தல் என்ற கருத்துடைய ஒரே இலத்தீன் வினையிலிருந்துதான், சட்டம் தரும் அனுமதியும் அதை மீறுவோர்க்கான தண்டனையும் கிளைத்தன.

குறை, மேற்கோள்களில் இருக்கிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் ஆபிரகாம் விறகைப் பிளப்பதற்கும், ரூத் தன் மாமியாரைப் பற்றிக்கொள்வதற்கும் 'க்ளேவ்' என்ற ஒரே இறந்தகால வடிவமே வருகிறது. இத்தகைய வாசகங்களைக் கால வரிசையில் கண்டு கலப்பின் போக்கை உணர விரும்புவோர், சந்தா செலுத்தியேனும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டும்; எட்டிமான்லைன் பெரும்பாலும் காலக் குறிப்போடு நின்றுவிடுகிறது. அந்தக் காலமும் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுக்கு உரியதே தவிர, சொல் பிறந்த காலம் அன்று. பேச்சில் அது அதற்கு வெகு முன்பே புழங்கியிருக்கலாம்.