திருத்தணி ஃபேன்டஸி எழுத்து வகுப்பு: போலாமா வேணாமா?

நம்ம பக்கத்துல கதை எழுத கத்துக்கணும்னா ஒண்ணு மெட்ராசுக்கு ரயில் ஏறணும் இல்ல ஜூம்ல உக்காந்து கண்ணு எரியணும், அதனால திருத்தணியிலயே சனி ஞாயிறு ஃபேன்டஸி கதை வகுப்பு, ஃபீஸ் 1,200 ரூபான்னு வாட்ஸ்அப்ல வந்ததும் யோசிக்காம கட்டிட்டேன். ஒரு டியூஷன் சென்டர் மாடி. நகரி, புத்தூர்லேர்ந்தெல்லாம் வந்திருந்தாங்க, டீ பிரேக்ல பாதி பேரு தெலுங்குலதான் பேசிக்கிட்டாங்க. நடத்துறவங்க பேரு போடல, புதுசா ஆரம்பிச்சிருக்காங்க, பொழைச்சுப் போகட்டும்.

சனிக்கிழமை ஃபுல்லா தெரிஞ்ச சரக்குதான். ஊரைக் காப்பாத்தப் பொறந்த அநாதைப் பையன், தாடி வச்ச குரு, அந்த குரு பாதிக் கதையில செத்துப்போறது, பழைய ஓலையில ஒரு குறி, காணாமப்போன வாள். போர்டுல பெரிய வட்டம் போட்டு, நாயகனோட பயணம்னு 12 கட்டமா பிரிச்சு, இதுதான் புராணக் கதைங்களை ஆராய்ஞ்ச அமெரிக்காக்காரரு ஜோசஃப் கேம்பல் சொன்னதுன்னாரு பாடம் எடுத்த சாரு. கேம்பல் 1949ல எழுதுனதுல 17 கட்டம் சார், அதை 12ஆ சுருக்குனது ஹாலிவுட்டுல கதை இலாகாவுல இருந்த கிறிஸ்டோஃபர் வோக்லர். அதுக்கும் முன்னாடி 1928லயே பிராப்னு ஒரு ரஷ்யாக்காரரு அவங்க ஊரு மாயக்கதைங்களைப் பிரிச்சு மேஞ்சு 31 செயல்னு கணக்கு போட்டுட்டாரு. காசு வாங்கிட்டு சொல்றப்போ இதையாச்சும் சரியா சொல்லலாம்.

ஆனா ஒண்ணு, அந்த டிரோப்புங்க, அதான் கதைக்குக் கதை திரும்பத் திரும்ப வர்ற அந்த சரக்குங்க, ஏன் வேலை செய்யுதுன்னு சொன்ன அரை மணி நேரம் நல்லா இருந்துச்சு. பையன் ஏன் அநாதை? அம்மா இருந்தா "ராத்திரியில எங்கடா போற"ன்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க, கதை கெளம்பாது. குருவை ஏன் சாவடிக்கணும்? அவரு இருந்தா கஷ்டம் வர்றப்பல்லாம் அவரே முடிச்சுக் குடுத்துடுவாரு. நாயகன் ஏன் வெளியூர்க்காரன்? அவன் ஊரைப் பத்தி கேக்குற சாக்குல வாசகனுக்கும் விஷயம் தெரிஞ்சுடும், தனியா ரெண்டு பக்கம் வரலாறு ஓட்ட வேணாம்.

ஞாயித்துக்கிழமை மந்திரத்துக்கு விதி வேணும், விலை வேணும்னு பாடம். இதுதான் மொத்த வகுப்புலயே உருப்படி. என்ன கடுப்புன்னா ஸ்லைடு பூரா பனிமலை, டிராகன், கோட்டை. அங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல திருவாலங்காடு, பழையனூர் நீலி கதை அங்கதான் நடக்குது, அதைப் பத்தி ஒரு வார்த்தை வரல. நீலி, ஒரு செட்டி மேல போன ஜென்மத்துப் பழி தீர்க்க வந்த பேய், இடுப்புல மாயக் கொழந்தை. செட்டி கையில ஒரு வாளு, அது இருக்கற வரைக்கும் அவளால கிட்ட நெருங்க முடியாது. இதுதான் விதி. அவ வாளைப் புடுங்கல, மந்திரம் போடல, நேரா ஊர் பஞ்சாயத்துக்குப் போயி நான் இவரு பொண்டாட்டி, கையில ஆயுதத்தோட இருக்காரு பயமா இருக்குன்னு அழறா. வேளாளருங்க எழுபது பேரு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க உசுரை விடறோம்னு செட்டிக்கு வாக்கு குடுத்து வாளை வாங்கி வச்சுடறாங்க. ராத்திரி அவன் காலி. சொன்ன வாக்குக்கு எழுபது பேரும் செத்தாங்க. அந்த வாளு முன்னாடியே நம்ம கண்ணுல பட்டுடுது, பேயோட பலத்துக்கு ஒரு எல்லை இருக்குது, அந்த எல்லையை உடைக்கிறது மனுஷனோட நல்ல மனசு. இதை ஒரு மணி நேரம் பிரிச்சுக் காட்டியிருந்தாலே 1,200 ரூபா செரிச்சிருக்கும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். பொதட்டூர்பேட்டை பக்கத்துலேர்ந்து ஒரு தறிக்கார அண்ணன் வந்திருந்தாரு. அவரு கதையில ஒரு கெழவி மந்திரத்தை நெய்யறா, வேண்டுனது நடக்கும், ஆனா பாவுல ஒரு இழை அறுந்துடும், இழை அறுந்தா ஊருல யாராச்சும் ஒருத்தருக்கு பெத்தவங்க முகம் மறந்துபோகும். அவ வேணும்னே எந்த இழையை அறுக்கறான்னு ஒரு முடிச்சு வேற வச்சிருந்தாரு. படிச்சப்போ ரூமே கம்முனு ஆயிடுச்சு. சாரு என்ன சொன்னாரு தெரியுமா, நல்லா இருக்கு ஆனா ஆக்‌ஷன் கம்மி, கெழவிக்கு பதிலா ஒரு இளவரசன், தறிக்கு பதிலா வாளுன்னு மாத்துங்கன்னாரு. அடப்பாவி! காலையில நீங்கதானே சார் விலை வேணும்னு பாடம் எடுத்தீங்க. அண்ணன் "சரிங்க சார்"னு நோட்டை மூடி வச்சுட்டாரு. வெளிய வந்து, ஒரு எழுத்து கூட மாத்தாதீங்கண்ணான்னு நான் சொன்னேன்.

கதையில வர்ற கற்பனை நாட்டுக்கு மேப் வரையற பாடமும் சுமார்தான். எல்லைக் கோடு போட்டா இந்தப் பக்கம் ஒரு பாஷை அந்தப் பக்கம் வேற பாஷையாம். திருத்தணியே 1960 வரைக்கும் ஆந்திராவுல இருந்த ஊரு, இங்க உக்காந்து அப்படி சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

மத்தபடி சாப்பாடு ஓகே, ஞாயித்துக்கிழமை லெமன் சாதம் நல்லாவே இருந்துச்சு. மாடியில ஃபேன் ஒண்ணுதான் ஓடுது, சீக்கிரம் போயி அதுக்குக் கீழ எடம் புடிங்க. நோட்ஸ்னு குடுத்தது ஸ்லைடோட ஜெராக்ஸ், எழுத்தே தெரியல. எழுதுன கதைக்கு அப்புறமா கமெண்ட் அனுப்பறோம்னாங்க, இன்னும் வரல.

அஞ்சுக்கு ரெண்டரை குடுப்பேன். எழுதவே ஆரம்பிக்காதவங்க போலாம். ஏற்கனவே ரெண்டு மூணு கதை எழுதுனவங்க, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் பாதி ஃபீஸ் வாங்கிப்பீங்களான்னு கேட்டுப் பாருங்க, ஒத்துக்கிட்டா போங்க.