தண்ணீரா, போர்வையா, ஸ்பிரிங்கா?

ராக்கெட்டின் இரைச்சல் காதை மட்டும் அடைப்பதில்லை, செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளையே உலுக்கி உடைத்துவிடக்கூடியது. இந்த இரைச்சலையும் அதோடு வரும் குலுக்கலையும் சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் ஓட்டு தண்ணீருக்கு.

நாசாவின் விண்வெளி ஓடமான ஷட்டில் பறந்த காலத்தில் அமெரிக்காவின் கென்னடி மைய ஏவுதளத்தின் பக்கத்தில் 88 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்த்தொட்டி நின்றது. ஷட்டில் கிளம்பும்போது சுமார் 11 லட்சம் லிட்டர் தண்ணீர், பம்பே இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் தளத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஒலி அலையின் ஆற்றல் துளிகளைச் சிதறடிப்பதிலும் ஆவியாக்குவதிலும் செலவாகிவிடும். ராக்கெட்டின் எடையும் ஒரு கிராம்கூட அதிகரிக்காது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, எங்கே கொட்டுகிறோம் என்பது முக்கியம். 1981 ஏப்ரலில் கொலம்பியா என்ற ஷட்டில் முதன்முதலாகக் கிளம்பியபோதும் தண்ணீர் பாய்ந்தது. இருந்தும் அதன் இரு பக்கமும் இருந்த பூஸ்டர் ராக்கெட்டுகள் பற்றியெரியத் தொடங்கிய கணத்தில் எழுந்த அழுத்த அலை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து மோதியது. அதன் பிறகுதான் பூஸ்டர் வாய்க்கே நேராகத் தண்ணீர் பீய்ச்ச ஏற்பாடு செய்தார்கள். 2023 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட் தண்ணீர் இல்லாமலேயே கிளம்பி, தளத்தின் கான்கிரீட்டைப் பெயர்த்து எறிந்தது. நவம்பரில் அடுத்தது கிளம்பியபோது கீழே தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தகடு இருந்தது!

சரி, தண்ணீரின் குறை? ஷட்டில் சுமார் 300 மீட்டர் ஏறியதும் தண்ணீரின் வேலை முடிந்துவிடும். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்று கிளப்பும் இரைச்சலுக்கு அது உதவாது.

அங்கேதான் போர்வை. செயற்கைக்கோளை மூடியிருக்கும் கூடான வெப்பக் கவசத்தின் உள்சுவரில் ஒட்டிய மெத்தை கடைசிவரை கூடவே போகும், எடையும் கூடவே போகும். அதிக அதிர்வெண் ஒலியை நன்றாக உறிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலியின் அலைநீளமோ கிட்டத்தட்ட 7 மீட்டர். சில அங்குல மெத்தை அதற்கு எந்த மூலைக்கு? 1997இல் சனிக் கிரகத்தை ஆராயப் போன காசினி விண்கலத்தை ஏற்றிச் சென்ற டைட்டன் ராக்கெட்டுக்காக நாசா தடிமனான புதுப் போர்வையே தைத்தது. அதுவும் 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் சுமார் 3 டெசிபல் குறைக்கத்தான். அற்பமாகத் தெரியலாம், ஆனால் 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றலில் பாதி.

காற்று வழியாக வராமல் ராக்கெட்டின் உடல் வழியாக ஏறி வரும் குலுக்கலுக்கு இவை இரண்டும் உதவாது. அதற்குச் செயற்கைக்கோளுக்கு அடியில் ஸ்பிரிங் போன்ற தாங்கிகள் வைக்கிறார்கள். குலுக்கல் அதிகமான திட எரிபொருள் ராக்கெட்டில் இது இல்லாமல் நான் எதையும் ஏற்ற மாட்டேன். ஆனால் ரொம்ப மெத்தென்று வைத்தால் செயற்கைக்கோள் தலையாட்டி பொம்மைபோல ஆடி, கவசத்தின் சுவரில் போய் இடிக்கும்.