ஆடு மாடு களவு போகாமலிருக்க: ஜிபிஎஸ் பட்டையா, கேமராவா, நாயா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டை அவிழ்த்தால், ஊர் விழிப்பதற்குள் அது மாநிலம் தாண்டிவிடும். சோதனைச்சாவடி இருப்பது தார்ச்சாலையில். தோப்புக்குள் புகுந்து எல்லை கடக்கும் மண்தடங்களை யார் காவல் காப்பது? ஆடு என்றால் விடியும்போது கறிக்கடையில் தொங்கும். மாடாக இருந்தால் சந்தையில் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

சுற்றுவட்டாரத்தில் களவு கூடியதும் நாங்களும் எல்லா வழியையும் பார்த்தோம். கடைசியில் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிய பட்டி, இரண்டு நாய்கள் என்று முடிவு செய்தோம். மற்ற இரண்டும் உதவாதவை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் நாய், மிச்சப் பணம் இருந்தால் கேமரா என்பதுதான் என் கட்சி.

ஜிபிஎஸ் பட்டையில் ஆரம்பிக்கிறேன். கழுத்தில் கட்டிவிட்டால் மாடு எங்கே நிற்கிறது என்று போனில் தெரியும். மேய்ச்சலில் வழி தவறும் மாட்டைத் தேட இது நல்ல வசதி. களவுக்கு? திருடன் முதலில் அறுப்பதே அதைத்தான். தலைக்கயிற்றை அறுக்கும் கத்திக்குப் பட்டை ஒரு பொருட்டா? பட்டை வரப்பில் கிடக்கும், போனும் ‘மாடு தோட்டத்தில்தான் நிற்கிறது’ என்று காட்டிக்கொண்டிருக்கும். இதோடு ஒவ்வொரு பட்டைக்கும் சிம் ரீசார்ஜ், பேட்டரி சார்ஜ். பத்துப் பதினைந்து வெள்ளாடு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. விலை உயர்ந்த காங்கேயம் காளையோ குதிரையோ ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் யோசிக்கலாம். குதிரைக்குக் கட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை.

காதில் போடும் மஞ்சள் வில்லையையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 12 இலக்க எண் கொண்ட அந்த வில்லை கட்டாயம் இருக்கட்டும், மாடு உங்களுடையது என்று நிரூபிக்க அது வேண்டும். ஆனால் அது களவைத் தடுக்காது, அறுத்தெடுத்தால் காதில் ஓட்டை மட்டும் மிஞ்சும். இன்னொன்று: மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வழக்கமான கால்நடைப் பாலிசிகளில் களவு விலக்கப்பட்ட இனம். செத்தால் பணம் வரும், காணாமல் போனால் வராது.

அடுத்தது கேமரா. சோலார் தகடு, சிம் போட்ட கேமரா இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் தொங்குகிறது. கரன்ட் வேண்டாம், வயர் வேண்டாம், ஆள் நடமாட்டம் தெரிந்தால் போனுக்குச் செய்தி வரும். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் தென்னை மட்டை ஒவ்வொன்றும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போன் அடிக்கும். ராத்திரியில் லென்ஸைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி சிலந்தி வந்து அங்கேயே வலை கட்டும். அந்த வலையின் ஒற்றை இழை லென்ஸுக்கு முன்னால் ஆடினால், படத்தில் வெள்ளையாக ஒரு கயிறு ஊசலாடுவது மாதிரித் தெரியும். அதற்கும் போன் அடிக்கும். வாரம் ஒருமுறை துணி சுற்றிய குச்சியால் துடைத்தாலும் மறுபடி கட்டிவிடும். நாலு ராத்திரி எழுந்து பார்ப்போம், ஐந்தாம் ராத்திரி போனைச் சைலன்டில் போட்டுவிடுவோம்.

நான் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எது உங்களைப் பாயை விட்டு எழுப்பும்? ஆட்டைத் தூக்கி வண்டியில் போட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆள் எழுந்து, லைட் போட்டு, குரல் கொடுத்தால் திருடன் ஓடுவான். விடிந்த பிறகு எவ்வளவு தெளிவான வீடியோ கிடைத்தாலும் அதில் தெரிவது முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆள், நம்பர் தெரியாத ஒரு வண்டி. பக்கத்துத் தோட்டத்தில் மட்டக்குதிரை வைத்திருப்பவரிடம் கேமரா, நாய் இரண்டும் உண்டு. அவர் சொன்னார்: “போன் அடிச்சா திரும்பிப் படுத்துக்குவேனுங்க. நாய் குலைச்சா கால் தானா தரையில நிக்கும்.” நாயின் குரைப்பு ஒரே மாதிரி இருக்காது. கீரிக்கு ஒரு குரல், தெருநாய்க்கு ஒரு குரல், அந்நிய ஆளுக்கு வேறு குரல். சில மாதம் பழகினால் தூக்கத்திலேயே பிரித்துவிடலாம். கேமராவுக்கு மட்டையும் மனிதனும் ஒன்று.

எந்த நாய்? சிப்பிப்பாறை ஓடி வேட்டையாடும் ஜாதி, காவலுக்கு என் முதல் தேர்வு அல்ல. கோம்பை நல்ல காவல் நாய். ராஜபாளையமும் அப்படித்தான், ஆனால் வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு கொஞ்சம் அதிகம். குட்டி வாங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டை ஒரு தட்டு தட்டுங்கள், காது திரும்பாவிட்டால் வேண்டாம். நாங்கள் வைத்திருப்பது சாதாரண நாட்டு நாய்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்ததால் ஆட்டைத் துரத்தாது.

நாய்க்கும் பராமரிப்பு உண்டு. வெறிநாய்த் தடுப்பூசி வருஷத்துக்கு ஒருமுறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாய் வயிற்று நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் புல்லில் விழுந்து ஆட்டுக்குள் போனால், மூளையில் நீர்க்கட்டியாகி ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். அறுத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. விஷம் தடவிய கறியை வீசும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகத்தான் எங்கள் நாய்களுக்குச் சொந்தத் தட்டில் மட்டுமே சோறு, அந்நியர் போடுவதைத் தொடாமல் பழக்கியிருக்கிறோம். பசித்த நாய் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு.

நாய் மட்டும் போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும். பகலில் எங்கே மேய்ந்தாலும் இருட்டினால் ஆடு மாடு சாளைக்கு வந்துவிட வேண்டும், படுக்கும் ஆளுக்குக் குரைப்பு கேட்கும் தூரத்துக்குள். கிளுவை மரத்து உயிர்வேலி இருந்தால் சந்து விழுந்த இடத்தில் உடனே போத்து (வெட்டிய கிளை) நடுங்கள். டிராக்டர் நுழையும் தடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அதன் குறுக்கே கல்தூணில் சங்கிலி. வண்டி உள்ளே வர முடியாவிட்டால் மாட்டையும் குதிரையையும் ஏற்ற முடியாது. இரும்புக் கேட்டுக்குப் பெரிய பூட்டு வாங்குகிறவர்கள் கீலைப் பார்ப்பதில்லை. இரண்டு கீலின் முளையும் மேல்நோக்கி இருந்தால் இரண்டு பேர் கேட்டைத் தூக்கிக் கழற்றிவிடலாம், பூட்டு பூட்டியபடியே இருக்கும். மேல்கீலின் முளையைக் கீழ்நோக்கித் திருப்பி வெல்டிங் வையுங்கள், முடிந்தது வேலை. குதிரையைத் திறந்த மேய்ச்சல் நிலத்தில் விடும்போது தலைக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். கயிறு இருந்தால் யாரும் பிடித்து நடத்திப் போய்விடலாம், இல்லாவிட்டால் அந்நியன் கிட்டே நெருங்கவே பாடுபட வேண்டும்.

சோலார் மின்வேலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பன்றிக்குச் சரி, மனிதனுக்குச் சரியில்லை. காய்ந்த குச்சியால் கம்பியைத் தூக்கிப் புகுந்துவிடுவான். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அதிர்ச்சியே குறைந்துவிடும். வீட்டுக் கரன்டை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், சட்டப்படியும் குற்றம்.

அப்படியும் களவு போனால், “இது கேரளா, அது தமிழ்நாடு” என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். காது வில்லை எண், கொம்பு, சுழி, காலில் உள்ள வெள்ளை எல்லாம் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் எடுத்த படங்கள் போனில் முன்கூட்டியே இருக்கட்டும். மாடு என்றால் புகார் கொடுத்த கையோடு ஒருவரைப் பொள்ளாச்சிச் சந்தைக்கும் இன்னொருவரைக் கேரளப் பக்கம் வாணியங்குளம் சந்தைக்கும் அனுப்புங்கள். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் கூடும், வாணியங்குளத்தில் வியாழன். வண்டிகள் இறங்கும் நேரத்துக்கு முன்பே ஆள் அங்கே நிற்க வேண்டும்.