பழைய பேக்கப்பை அழித்தால் எவ்வளவு இடம் திரும்பும்? ஆர்ஸ்னாப்ஷாட்டும் ரெஸ்டிக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். பெரிய கூட்டம் ஒன்றுமில்லை: கணக்கும் சரக்கிருப்பும் ஓடும் ஒரு டேட்டாபேஸ், வரைபடங்கள் குவிந்து கிடக்கும் ஒரு ஃபைல் சர்வர், மெயில். இவற்றுக்கெல்லாம் பேக்கப் எடுக்க ஒரு பழைய கணினி, அதில் 4 டெராபைட் டிஸ்க். பல ஆண்டுகளாக ஆர்ஸ்னாப்ஷாட் என்ற பேக்கப் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டைச் சென்ற ஆண்டு ரெஸ்டிக் என்ற இன்னொன்றுக்கு மாற்றினோம். மாற்றியது சரிதான் என்று இப்போதும் நினைப்பவன் எழுதும் ஒப்பீடு இது. தராசு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

தினமும் எல்லாவற்றையும் டார் என்ற ஒரே மூட்டைக் கோப்பாகக் கட்டித் தேதி போட்டு வைக்கும் முறையைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. 300 ஜிபி தரவை ஏழு நாள் வைத்தால் 2,100 ஜிபி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளை விரைவில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் காசு தர வேண்டியதில்லை. ரெஸ்டிக் எதை எழுதினாலும் மறையாக்கம் செய்தே எழுதும். ஆர்ஸ்னாப்ஷாட் அந்தப் பக்கமே போகாது. ஆர்ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்த கோப்பை எந்த லினக்ஸ் கணினியிலும் நேராகத் திறந்து பார்க்கலாம். ரெஸ்டிக்கில் இருப்பதை எடுக்க ரெஸ்டிக்கும் வேண்டும், கடவுச்சொல்லும் வேண்டும். அமைப்புக் கோப்பில் சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் விடாமல் டேப்தான் அடிக்க வேண்டும் என்ற ஆர்ஸ்னாப்ஷாட்டின் பிடிவாதம் புதிதாக வருபவரை ஒரு நாளாவது அழ வைக்கும். பழகிய பிறகு பொருட்டில்லை.

இடத்தை இவை எப்படி மிச்சம் பிடிக்கின்றன என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ஆர்ஸ்னாப்ஷாட், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவியின் மேல் கட்டப்பட்டது. நேற்று இருந்த கோப்பு இன்றும் மாறாமல் இருந்தால் அதை மறுபடி நகலெடுக்காது. நேற்றைய நகலுக்கே இன்றைய கோப்புறையிலிருந்து ஒரு ஹார்ட் லிங்க் போட்டுவிடும். ஒரே வீட்டுக்குப் பல வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளின் கோப்புறைக்குள் நுழைந்தாலும் முழு பேக்கப் தெரியும். டிஸ்க்கில் தரவு ஒருமுறைதான் இருக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் இதன் அலகு கோப்பு. 40 ஜிபி கோப்பில் ஒரு வரி மாறினாலும் அன்றைக்குப் புதிதாக 40 ஜிபி எழுதப்படும். டேட்டாபேஸ் டம்ப் (முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பாகக் கொட்டியது), மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பு போன்றவற்றில் ஹார்ட் லிங்க்கால் ஒரு பயனும் இல்லை.

பெயர் மாற்றம் இன்னொரு தலைவலி. மார்ச் 31 முடிந்ததும் எங்கள் வடிவமைப்புப் பிரிவில் முடிந்த நிதியாண்டின் கோப்புறையை அப்படியே தூக்கி ‘பழையவை’ என்ற கோப்புறைக்குள் போட்டுவிடுவார்கள். உள்ளே ஒரு கோடுகூட மாறியிருக்காது. ஆர்சிங்க்கின் கண்ணுக்கோ பழைய இடத்தில் எல்லாம் அழிந்துவிட்டது, புதிய இடத்தில் எல்லாம் முளைத்திருக்கிறது. ஓர் இரவில் டிஸ்க் சில நூறு ஜிபி வீங்கும். பழைய இடத்தைச் சுட்டும் கடைசி மாதாந்திர பேக்கப் கழியும்வரை வீக்கமும் வடியாது. ரெஸ்டிக் கோப்பின் உள்ளடக்கத்தைச் சராசரியாக 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை மட்டும் வைக்கிறது. கோப்பு எங்கே போனாலும் துண்டு அதே துண்டு. புதிதாகச் சேர்வது கோப்புறைப் பட்டியல் மட்டும். டேட்டாபேஸ் டம்ப்பிலும் மாறிய பகுதிகள் மட்டும் சேரும். ஒரு நிபந்தனை: டம்ப்பை ஜிசிப் கொண்டு சுருக்கிக் கொடுக்கக் கூடாது. சுருக்கிய கோப்பில் முன்பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பின் வருவதெல்லாம் வேறாகிவிடும், துண்டுகள் பொருந்தாது. சுருக்காமல் கொடுத்தால் போதும். 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக்கே சுருக்கிக்கொள்கிறது.

இவ்வளவும் சேமிப்புக் கணக்கு. என்னை மாற வைத்தது இது இல்லை. டிஸ்க் நிறையும் நாளில் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எதை அழித்தால் எவ்வளவு இடம் திரும்பும்?

ஹார்ட் லிங்க் முறையில் இதற்கு நேரான பதில் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை, அதாவது அன்றைய முழு பேக்கப்பை, தனியாக அளந்து பார்த்தால் 900 ஜிபி என்று காட்டும். அழித்தால் 3 ஜிபிதான் திரும்பும், ஏனென்றால் மற்றதெல்லாம் வேறு நாட்களின் ஸ்னாப்ஷாட்டுகளோடும் பிணைந்திருக்கிறது. ஒரு கோப்பின் கடைசி லிங்க் அறுந்தால்தான் அதன் இடம் விடுபடும். எந்தக் கோப்புக்கு ஒரே லிங்க் மிஞ்சியிருக்கிறது என்று தேடலாம். லட்சக்கணக்கான கோப்புகளில் ஏறி இறங்கி வர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அன்றைய இரவு பேக்கப் தோற்றுப்போயிருக்கும். ஆர்ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே டியு என்ற கட்டளை உண்டு. அது ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் கூடுதலாக எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லும், நடுவில் ஒன்றை உருவினால் என்ன ஆகும் என்று சொல்லாது. அழிப்பதும் மெல்லத்தான் நகரும்: தரவு 3 ஜிபி என்றாலும் அறுக்க வேண்டிய லிங்க்குகள் லட்சக்கணக்கில்.

ரெஸ்டிக்கில் அழிப்பது இரண்டு படி. ஃபர்கெட் என்ற கட்டளை, எந்த ஸ்னாப்ஷாட் போக வேண்டும் என்று முடிவெடுத்து அதன் பெயரை நீக்குகிறது. ப்ரூன் என்பது யாருக்கும் தேவைப்படாத துண்டுகளைத் தேடி உண்மையிலேயே இடத்தை விடுவிக்கிறது. முதல் படியோடு நின்றுவிட்டு டிஸ்க் ஏன் குறையவில்லை என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்குமே ஒத்திகை வசதி இருக்கிறது. ஃபர்கெட்டை ஒத்திகையாக ஓட்டினால் எந்த ஸ்னாப்ஷாட் எந்த விதிப்படி நிற்கிறது, எது போகிறது என்று வரிவரியாகக் காட்டும். ப்ரூனையும் அதோடு சேர்த்து ஒத்திகையாக ஓட்டினால் எவ்வளவு விடுபடும் என்று எண்ணோடு சொல்லும். எதையும் தொடாமலே எண் கையில் இருப்பதால் நிர்வாகியிடம் போய் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று பேச முடிகிறது. என் கணக்கில் இந்த ஒரு காரணமே போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இடத்தை விடுவிக்க ப்ரூனுக்கே கொஞ்சம் இடம் வேண்டும்: துண்டுகளைக் கட்டி வைத்த பொதிகளில் பாதி தேவை, பாதி குப்பை என்று கலந்து கிடப்பவற்றை அது பிரித்து எழுதுகிறது. டிஸ்க் முழுதாக அடைத்துக்கொண்டால் சிக்கல். அதற்கென்று அபாயம் என்று பெயரிலேயே சொல்லும் ஒரு மீட்புத் தேர்வு இருக்கிறது. அதுவரை போகாமல் இருப்பதே நல்லது. எங்கள் ஏற்பாடு எளிது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 4 டெராபைட்டில் அது 200 ஜிபி. பேக்கப் டிஸ்க்கில் இது வீண் என்று சொல்லிப் பலர் குறைத்துவிடுவார்கள். நாங்கள் தொடவில்லை. சர்வர்கள் சாதாரணப் பயனராக எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியே எழுதுகின்றன, ஆகவே அந்த 200 ஜிபி அவற்றுக்குக் கிடைக்காது. நெருக்கடி வந்தால் ரூட்டாக ப்ரூன் ஓட்ட அது இருக்கும். ஓட்டிய பிறகு புதிய கோப்புகளின் உரிமையாளரைத் திருப்பி மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரிச்சி தெருவில் இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டால் முடிந்துபோகும் விஷயத்துக்கு இவ்வளவு யோசனையா என்று எங்கள் நிர்வாகி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஹார்ட் லிங்க் ஒரு ஃபைல் சிஸ்டத்தைத் தாண்டாது. இரண்டாவது டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்தால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பெரிய டிஸ்க்குக்கு மொத்தமாக மாற்றுவதென்றால் லிங்க் பிணைப்புகள் குலையாமல் நகலெடுக்க வேண்டும். சாதாரணமாக நகலெடுத்தால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் தனித்தனி முழு நகலாக விரிந்துவிடும். ஆர்சிங்க்கில் அதற்கான தேர்வு உண்டு, ஆனால் கோப்புகள் பெருகப் பெருக நினைவகத்தை விழுங்கும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் வைக்கும் களஞ்சியமோ சாதாரணக் கோப்புகளின் குவியல்தான். எதைக் கொண்டு நகலெடுத்தாலும் போகும்.

எத்தனை நாள் வைப்பது என்பதற்கு வருகிறேன். தினசரி நகல் 7, வாராந்திர நகல் 4, மாதாந்திர நகல் 12 என்ற வழக்கமான அடுக்கை இரண்டிலும் அமைக்கலாம். ஆர்ஸ்னாப்ஷாட் ஓட்டங்களை எண்ணும்: ஒரே நாளில் தினசரி ஓட்டத்தை இருமுறை தட்டிவிட்டால் மிகப் பழைய தினசரி நகல் விழுந்துவிடும். ரெஸ்டிக் தேதியைப் பார்க்கும். ஒரு நாளுக்கு ஒன்றுதான் கணக்கு. சட்டம் கேட்பது வேறு விதம். 2013 நிறுவனச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும்; ஜிஎஸ்டி சட்டம், ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. இதற்காகத் தினசரி பேக்கப்பை எட்டு ஆண்டு சுமக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து அதற்கு ஒரு குறிச்சொல் ஒட்டி, அந்தக் குறிச்சொல் உள்ளதைத் தொடாதே என்று ஃபர்கெட்டிடம் சொல்லிவிட்டோம். ஆர்ஸ்னாப்ஷாட்டில் இதையே சுழற்சிக்கு வெளியே கையால் நகர்த்தி வைக்க வேண்டும்.

ரெஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாமல் இடம் தின்னும் பொறி ஒன்று உண்டு. ஃபர்கெட் தன் விதிகளை ஒவ்வொரு கணினிப் பெயருக்கும் ஒவ்வொரு கோப்புறைப் பாதைக்கும் தனித்தனிக் குழுவாகப் பிரித்துப் பயன்படுத்துகிறது. சர்வரை மாற்றிப் புதுப் பெயர் வைத்தால் பழைய பெயரின் குழு அப்படியே உறைந்து நிற்கும். புதிதாக எதுவும் வராததால் அதன் கடைசி ஏழு நாளும் நான்கு வாரமும் என்றைக்கும் கழியாது. குழுப் பிரிப்பை மாற்றச் சொல்லலாம், அல்லது பழையவற்றைக் கையால் களையலாம். இன்னொன்று, ப்ரூன் ஓடும்போது களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கும், பேக்கப் எழுத முடியாது. ஞாயிறு பகலில் ஓட்டுகிறோம். நடுவில் மின்சாரம் போனாலும் தரவு கெடாது. மிஞ்சிய பூட்டை எடுக்க ஒரு கட்டளை, பிறகு மறுபடி ஓட்டினால் சரி.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சிறு கோப்புகள், அவற்றை யாரும் இடம் மாற்றுவதில்லை, டேட்டாபேஸும் சின்னது என்றால் ஆர்ஸ்னாப்ஷாட்டிலிருந்து மாற நான் சொல்ல மாட்டேன். ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில் சர்வருக்கு அது இன்றும் நன்றாகவே பொருந்தும். எட்டு ஆண்டு கழித்துத் திறக்க வேண்டிய ஆண்டிறுதிக் கணக்குகளை நாங்களும் ரெஸ்டிக்கை மட்டும் நம்பி விடவில்லை. கடவுச்சொல்லும் மென்பொருளும் கேட்காத ஒரு வெற்று நகல் தனி டிஸ்க்கில் இருக்கிறது.

போர்க் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளை ஒரு நண்பரின் சர்வரில் கொஞ்ச காலம் தொட்டதோடு சரி, ஆகவே உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். துண்டு வெட்டும் கொள்கை இதேதான். 1.2 பதிப்பிலிருந்து அதிலும் ப்ரூனுக்குப் பிறகு காம்பேக்ட் என்ற தனிக் கட்டளை ஓட்டினால்தான் இடம் திரும்பும். தூரத்துக் கணினியில் வைப்பதென்றால் அங்கேயும் போர்க் நிறுவியிருக்க வேண்டும் என்பதே எனக்கு இடித்தது, ஏனென்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இரண்டாவது நகல், நாம் மென்பொருள் எதையும் நிறுவ முடியாத வெளியூர் மேகச் சேமிப்புக்குப் போயாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸ்யூரின் தென்னிந்திய மண்டலம் சென்னையிலேயே இருப்பதால் அதை ஒதுக்கி, மும்பையில் உள்ள அமேசான் எஸ்3யை எடுத்தோம். அங்கே மலிவான சேமிப்பு அடுக்குகளைக் கண்டு மயங்க வேண்டாம்: ஒன்றில் குறைந்தது 30 நாள், இன்னொன்றில் 90 நாள் வைத்ததாகக் கணக்கிட்டே கட்டணம் போடுவார்கள். ப்ரூன் பொதிகளை மாற்றி எழுதும்போதெல்லாம் நேற்று வைத்ததை இன்று அழித்தாலும் முழுக் கட்டணம் விழும். சாதாரண அடுக்கிலேயே வைத்து, அங்கே மட்டும் ப்ரூனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறோம்.