செயற்குழுவில் ஒருவர் கூட்டமே நடத்த விடவில்லையா? வெளியே அனுப்புவது, பதவியைப் பறிப்பது, பொறுத்துப் போவது: எது தேறும்?

மதுரையில் திருநகர், ஆனையூர், கூடல்நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குக் குறைவில்லை, அந்தச் சங்கத்தின் கூட்டத்தை நடக்கவே விடாத ஒரு அண்ணனுக்கும் குறைவில்லை. அஜெண்டாவில் முதல் பொருள் போர் மோட்டார் ரிப்பேராக இருக்கும். அவர் போன பொங்கல் விழாவில் சேர் வாடகை ஏன் அவ்வளவு என்று ஆரம்பிப்பார், செயலாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் கூட்டத்தில் நடப்பதைப் பதியும் மினிட் புத்தகத்தைப் பிடித்து இழுப்பார், நேரம் ஆக ஆக நாலு பேர் எழுந்து வீட்டுக்குப் போவார்கள், கோரம் (கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) போச்சு. மோட்டார் அடுத்த மாதமும் ஓடாது.

‘தூக்கிடுவோம்ணே’ என்று யாராவது சொல்வது இந்தக் கட்டத்தில்தான். தூக்குவதிலேயே பல வழி இருக்கிறது, பலரும் எடுப்பது அதில் மோசமான வழியை. அதற்கு முன்னால் ஒன்று. சேர் வாடகையைக் கேட்பது தொந்தரவு இல்லை, அது உறுப்பினரின் உரிமை. கேட்ட பிறகு பதிலைக் கேட்காமல் கத்துவதுதான் தொந்தரவு. கணக்குக் கேட்டவரை வெளியேற்ற இந்த வழிகளைத் தேடுகிறவர்கள் முதலில் கணக்கைக் காட்டிவிட்டு வாருங்கள்.

முதல் வழி, அந்தக் கூட்டத்திலிருந்து மட்டும் வெளியே அனுப்புவது. பதவியைத் தொடுவதில்லை. மக்களவையிலேயே இதுதான் முறை: விதி 373-ன்படி சபாநாயகர் ஒருவரை அன்றைய தினத்துக்கு வெளியே போகச் சொல்லலாம், அதற்கும் அடங்காவிட்டால் விதி 374-ன்படி பெயரைக் குறிப்பிட்டு, அவை தீர்மானம் போட்டு, அதிகபட்சம் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யலாம். எம்.பி. பதவி அப்படியே இருக்கும். 1876-ல் அமெரிக்காவில் ஹென்றி ராபர்ட் தொகுத்த கூட்ட விதிகளும் கிட்டத்தட்ட இதே போக்குதான், தலைவர் எச்சரிக்கலாம், தண்டனையைக் கூட்டம்தான் ஓட்டெடுத்து முடிவு செய்ய வேண்டும். நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். இரண்டு முறை எச்சரியுங்கள், இரண்டையும் நேரத்தோடு மினிட்டில் எழுதுங்கள், மூன்றாவது முறை ‘இன்றைய கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்’ என்று கை தூக்கச் சொல்லி ஓட்டெடுங்கள். போக மறுத்தால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கூட்டத்தை ஒத்திவைத்துவிடுங்கள். என் கணக்கில் பாதித் தலைவலி இங்கேயே தீரும், ஏனென்றால் இப்படிப்பட்டவர்களுக்கு மினிட்டில் பெயர் ஏறுவது மாதிரி உறைக்கிற விஷயம் வேறு கிடையாது.

இரண்டாவது, செயற்குழுவே உட்கார்ந்து தீர்மானம் போட்டு அவரை நீக்குவது. எல்லோரும் ஓடிப்போய் எடுக்கிற வழி, சீக்கிரம் முடியும், நிற்கத்தான் நிற்காது. அவரைத் தேர்ந்தெடுத்தது பொதுக்குழு, அதாவது உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டம். துணை விதியில் (சங்கம் தனக்கென்று எழுதிவைத்த விதிகளில்) செயற்குழுவுக்கு அந்த அதிகாரம் எழுத்தில் இல்லாதபோது, கூட இருக்கிற எட்டுப் பேர் எப்படி எடுக்க முடியும்? ‘கம்பெனியில் போர்டே நீக்குதே’ என்று சிலர் சொல்வார்கள். அங்கேயும் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 169-ன்படி இயக்குநரைப் பதவிக்காலம் முடியும் முன் நீக்குவது பங்குதாரர்களின் பொதுக்கூட்டம்தான், அதுவும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு. போதாக்குறைக்கு நம்மாட்கள் இதை ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’ என்ற கடைசி வரியில் செருகுவார்கள். அவர் சிவில் கோர்ட்டில் தடை கேட்டால் வக்கீல் முதலில் கை வைக்கப்போவது அந்த வரியில்தான்.

மூன்றாவதுதான் உருப்படியான வழி: சிறப்புப் பொதுக்குழு. வேலை ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன். முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். ‘சங்கத்துக்கு விரோதமாக நடந்துகொள்வதால்’ என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனம் இல்லை, எந்தத் தேதிக் கூட்டம், என்ன செய்தார், எந்தத் துணை விதியை மீறினார் என்று இருக்க வேண்டும். பதில் எழுத நியாயமான அவகாசம் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை நம்பாதீர்கள், தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள் (பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், கவுண்டரில் போய்த் திகைக்க வேண்டாம்). அப்புறம் பொதுக்குழு அழைப்பிலேயே, ‘செயற்குழு உறுப்பினர் இன்னாரை நீக்குவது குறித்து’ என்று தனிப் பொருளாகப் போடுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, சாதாரணப் பெரும்பான்மையா அதற்கு மேலா என்பதற்குத் துணை விதியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ல் ‘சிறப்புத் தீர்மானம்’ என்றால் வந்து ஓட்டுப் போட உரிமையுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டத்தில் அவரைப் பேச விடுங்கள், கத்தினாலும் பரவாயில்லை. தலைவர் மேலேயே அவர் புகார் சொல்லியிருந்தால் அந்தப் பொருளுக்கு மட்டும் வேறொருவர் தலைமை தாங்கட்டும். முடிந்தால் ரகசிய ஓட்டு, தினமும் ஒரே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர்கள் இல்லையா.

சங்க உறுப்பினர் என்பதிலிருந்தே நீக்கிவிடுவது நான்காவது. காலனிக்கு இது வேண்டாத வேலை. அவர் வீடு அங்கேதான் இருக்கும், தண்ணீரும் தெருவிளக்கும் அவருக்கும் வேண்டும், சந்தாவை மட்டும் நிறுத்திவிடுவார்.

மாவட்டப் பதிவாளரிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அதே சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் பிரிவு 36-ல் அவர் விசாரணை நடத்தலாம், செயற்குழுவில் பெரும்பான்மையோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கோ மனுக் கொடுக்கலாம். ஆனால் அது சங்கத்தின் நிர்வாகத்தையும் பணத்தையும் பற்றிய விசாரணை, ஒரு ஆளைத் தூக்குவதற்கான கதவு இல்லை, உங்கள் கணக்குப் புத்தகமும் சேர்ந்தே மேஜைக்குப் போகும். யார் நிர்வாகி என்ற சண்டையென்றால் கடைசியில் சிவில் கோர்ட்தான்.

பொறுத்துப் போவதும் ஒரு வழி, இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டத்தில் செயற்குழுவின் பதவிக்காலமே அதிகபட்சம் மூன்று வருஷம். தேர்தலுக்கு ஏழெட்டு மாதம்தான் பாக்கி என்றால் நான் முதல் வழியை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டு தேர்தலில் பார்த்துக்கொள்வேன். ஒன்றரை, இரண்டு வருஷம் கிடக்கிறது, மோட்டாரும் ஓடவில்லை என்றால் பொதுக்குழுதான். ஆளைத் தள்ளினார், ஆவணத்தைக் கிழித்தார் என்றால் அது போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம், அதைத் தனியாக நடத்துங்கள்.

ஒருவேளை அவர் பொருளாளராக இருந்தால், பொதுக்குழுத் தீர்மானத்திலேயே அடுத்து செக்கில் கையெழுத்துப் போடப்போவது யார் என்பதையும் சேர்த்து எழுதி, மறுநாளே நகலை வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள். நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வதும் பாக்கி இருக்கும், அது ஏறாதவரை அரசாங்க ஏட்டில் பழைய பெயர்தான் இருக்கும்.