ரிவிஷனுக்குப் பின் முன்-ஜிப் பிரா: அடிப்பட்டை என்னும் தீராத தொல்லை

இம்ப்ளான்ட் ரிவிஷனுக்கு, அதாவது மார்பக இம்ப்ளான்ட்டைச் சரிசெய்யும் அல்லது மாற்றும் மறு அறுவைக்கு, நாள் குறித்திருக்கும் தோழி, வாரத்தில் நாலு நாள் ஓடுகிறவள், "எந்த பிரா வாங்கட்டும்?" என்று கேட்டாள். கம்பி இல்லாதது, முன்னால் ஜிப், அகலமான தோள்பட்டை, தலைவழியாக மாட்ட வேண்டாதது. இவ்வளவும் மருத்துவமனையில் கொடுக்கும் தாளிலேயே இருக்கும். தாளில் இல்லாதது அடிப்பட்டை. இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிவிஷனில் பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே திறக்கிறார்கள். பலருக்கு அந்தத் தழும்பு மார்பகத்தின் அடி மடிப்பில் இருக்கும். காப்ஸ்யூலை (இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு வளர்க்கும் தழும்புத் திசு உறை) எடுக்க வேண்டியிருந்தால் வெட்டு முதல் தடவையைவிடக் கொஞ்சம் நீளும். பிராவின் அடிப்பட்டை எங்கே உட்காரும்? அதே மடிப்பில். நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. உட்கார்ந்ததும் வயிறு மேலே தள்ளும், பட்டை சுருண்டு கயிறாகிவிடும். அந்தக் கயிறு நேராகத் தையல்மேல். அடியில் வியர்வை தேங்கி, தோல் ஊறி வெளுத்து, தழும்பின் ஓரம் சின்னதாக வாய் பிளக்கும். இரண்டாம் முறை திறந்த இடத்தில் தோல் மெலிந்திருக்கலாம், ரத்த ஓட்டமும் முன்போல இராது, அதற்குக் கீழேயே இம்ப்ளான்ட். முதல் அறுவையில் "ஆறிவிடும்" என்று விடுகிற அரை சென்டிமீட்டர் புண்ணை இங்கே அன்றைக்கே சர்ஜனிடம் காட்ட வேண்டும். வேலியே பயிரை மேய்கிற கதை.

அப்படியானால் பட்டையைத் தளர்த்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இம்ப்ளான்ட் கீழே இறங்கிப்போய் அதைச் சரிசெய்ய வந்தவர்களுக்கு, காப்ஸ்யூலின் அடிப்பகுதியை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். காப்ஸ்யூலோரஃபி என்பது இதுதான். புதிதாக உயர்த்திய அந்த மடிப்பை உள்ளே தையல் பிடித்திருக்கிறது, வெளியே பிடிப்பது இந்தப் பட்டை ஒன்றுதான். 350 சி.சி. இம்ப்ளான்ட் என்றால் ஏறக்குறைய 350 கிராம் எடை, ஒவ்வொரு காலடிக்கும் அந்தத் தையலில் போய்த் தொங்கும். ஆகவே உறுத்தும் இடத்தில் உறுத்துவதுதான் பட்டையின் வேலை. கழற்றவும் முடியாது, சும்மா விடவும் முடியாது.

செய்யக்கூடியது இது. பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாங்கவே வேண்டாம். 2 சென்டிமீட்டர் எலாஸ்டிக் எல்லாம் ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும். உள்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், தையல் மேடு தட்டினால் அந்த மேடு தழும்பிலும் தட்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் ஒட்டாத வகைப் பஞ்சுத்துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து வையுங்கள். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், காயட்டும் என்று விடக்கூடாது. இறுக்கத்தை நின்றபடி பார்த்தால் போதாது. உட்கார்ந்து, முழு மூச்சு இழுத்த நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றி அரை மணி நேரமான பிறகும் பட்டையின் தடம் பள்ளமாக நின்றால் ஒரு கொக்கி தளர்த்துங்கள். பட்டையைத் திருப்பிப் போட்டால் மேடு வெளியே போய்விடுமே என்று சிலர் முழு பிராவையும் உள்வெளியாக மாட்டுவதுண்டு. அப்போது ஜிப்பின் பல் நேராக நெஞ்செலும்பில் உரசும், ஒரு தொல்லைக்கு இன்னொரு தொல்லை.

தையல் முழுக்க மூடிய பிறகு, பெரும்பாலும் 2–3 வாரத்தில், தழும்புக்கு சிலிகான் டேப் போடச் சொல்வார்கள். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 2–3 மாதம். அந்த டேப்புக்கும் இதே பட்டைதான் எதிரி, ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிவிடும். டேப்பின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி ஒட்டினால் கூடுதல் நாள் நிற்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

மற்ற பாகங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஜிப்புக்குப் பின்னால் கொக்கி வரிசை கட்டாயம் வேண்டும். முதல் வாரம் கையில் வலு இராது, கொக்கியைப் போட்டுக்கொண்டால் ஜிப் தானாக ஏறும், கொக்கி இல்லாமல் ஜிப்பின் இரு முனையையும் சேர்க்க இன்னொருவர் உதவி வேண்டும். தோளில் வெல்க்ரோ நல்லதுதான், ஆனால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு பிடித்துக் கழுத்தைக் கீறும். வலைப்பையில் போட்டுத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், துணி மென்மையாக்கி வேண்டாம், அது எலாஸ்டிக்கைக் கெடுக்கும். டிரெயின் குழாய் (உள்ளே சேரும் நீரை வெளியே வடிப்பது) வைத்திருந்தால் அதன் குடுவையை மாட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் குழாய் வெளிவரும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குடுவையை அழுத்தி மூடி வைத்தால்தான் உறிஞ்சும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு 20–30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே எடுப்பார்கள். வலு சேர்க்க உள்ளே மெட்ரிக்ஸ் தாள் (திசுவோடு சேர்ந்துகொள்ளும் மெல்லிய தாள்) வைத்துத் தைத்திருந்தால் டிரெயின் இன்னும் சில நாள் தங்கும். ஓட முடியவில்லையே என்ற எரிச்சலில் வீட்டுக்குள் அளவுக்கு மீறிச் சுற்றிச் சுற்றி நடந்தால் வடியும் நீர் கூடும், டிரெயின் எடுப்பது இன்னும் தள்ளிப்போகும்.

அடுத்தது கோபம். இந்த பிராக்களோடு ஓர் இலவச மேல்பட்டை வருவதுண்டு. மார்பகத்தின் மேல்பக்கம் சுற்றிக் கட்டி இம்ப்ளான்ட்டைக் கீழே அழுத்துவதற்கு. தசைக்கு அடியில் வைத்த இம்ப்ளான்ட் மேலேயே நிற்கும்போது அதற்கு வேலை உண்டு. கீழே இறங்கியதை ஏற்றித் தைத்தவர் அதைக் கட்டினால் சர்ஜன் போட்ட தையலைத் தன் கையாலேயே பிரிப்பதற்குச் சமம். பெட்டிமேல் இதைப் பற்றி ஒரு சொல் இருக்காது, "வேகமாகக் குணமடைய" என்று மட்டும் இருக்கும். மசாஜும் இப்படித்தான். காப்ஸ்யூல் இறுகியதற்காக மாற்றிக்கொண்டு வழவழப்பு இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குச் சில சர்ஜன்கள் தள்ளி நகர்த்தும் பயிற்சி தருவார்கள். பாக்கெட்டை, அதாவது இம்ப்ளான்ட் உட்காரும் உள்ளறையை, இறுக்கித் தைத்தவர்கள் அதைத் தொடவே கூடாது. பெயர் ஒன்றுதான், ரிவிஷன். உள்ளே நடந்தது நேரெதிர். உங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளாமல் அடுத்தவர் அட்டவணையைப் பின்பற்ற வேண்டாம்.

"ஆறு வாரம்" என்ற எண்ணின் மேலும் எனக்கு இதே மனத்தாங்கல்தான். அதே பாக்கெட்டில் பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் ஆறு வாரத்தில் ஓடலாம், பலர் ஓடுகிறார்கள். ஆனால் வெட்டிய திசு 3 வாரத்தில் தன் பழைய வலுவில் 20 சதவீதம்தான் பெற்றிருக்கும், 3 மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும், முழுதாகத் திரும்புவதே இல்லை. காப்ஸ்யூலோரஃபி செய்தவர்கள் குதிப்பதும் ஓடுவதும் 8 முதல் 12 வாரம் வரை தள்ளிப்போடுவது இதனால்தான். தசைக்கு அடியில் இருந்ததைத் தசைக்கு மேலே மாற்றியவர்களுக்கு வேறு கணக்கு. எடை தூக்கும் பெண்கள் இதைச் செய்துகொள்வது அதிகம், புஷ்-அப் எடுக்கும்போதெல்லாம் மார்பகம் இழுபட்டு உருமாறுவது சகிக்காமல். அங்கே விடுவித்திருந்த மார்புத் தசையைத் திரும்ப நெஞ்சுச் சுவரில் தைத்திருப்பார்கள். நடக்கவும் சைக்கிளுக்கும் அது தடையில்லை. பெஞ்ச் பிரஸ், டிப்ஸ், பிளாங்க் மூன்றும் 3 மாதம் கிட்டேயே வரக்கூடாது.

பொதுவாக வண்டி இப்படி ஓடும். அறுவை நாள் மாலையிலேயே எழுந்து மெல்ல நடை, காலில் ரத்தம் உறையாமல் இருக்க. முதல் 2 வாரம் நாடி ஏறும்படி எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறினால் உள்ளே சின்ன ரத்தக் குழாய் ஒன்று திறந்து ரத்தக்கட்டு சேரும், இது முதல் இரண்டு நாளில்தான் அதிகம், ஆனால் இரண்டாம் வாரத்திலும் வரும். முக்கி மலம் கழிப்பதும் இதே கணக்கில் சேரும், வலி மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்குங்கள். முழங்கை தோளுக்கு மேல் போகக்கூடாது, 2 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. 3-ஆம் வாரம் சர்ஜன் தலையசைத்தால் நிலையான சைக்கிள், நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடியில் எடை போடாமல். காலுக்கான மெஷின்கள் நல்லவை, ஆனால் எடைத்தட்டை மாட்டுவதும் கழற்றுவதும் வேறொருவர் வேலை. ஸ்குவாட் செய்யத் தெம்பிருக்கும், பார்பெல்லைத் தாங்கியிலிருந்து எடுப்பதுதான் மார்பைப் பிடிக்கும். நீச்சலுக்குப் புண்ணில் ஒரு பொருக்குக்கூட மிச்சமிருக்கக் கூடாது.

இனி நல்ல செய்தி. எதிர்பார்க்காத ஒன்று: இந்த பிரா ஒரு அளவுகோல். காலையில் ஒரே கொக்கியில் வசதியாக நிற்பது, மாலையில் அதே கொக்கியில் மூச்சை முட்டினால் அன்றைக்கு அளவுக்கு மீறி ஆடிவிட்டோம் என்று பொருள். மறுநாள் பாதியாகக் குறைத்தால் மாலைக்குள் பழையபடி தளர்ந்துவிடும். கைக்கடிகாரம் காட்டும் நாடியைவிட இதை நான் நம்புவேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுகினால் வீக்கம். ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் கல்லாக இறுகி நிறம் மாறினால் கொக்கி தளர்த்திக்கொண்டு உட்காராதீர்கள், சர்ஜனுக்கு உடனே போன். காய்ச்சல், பரவும் சிவப்பு, உள்ளே தண்ணீர் தளும்பும் உணர்வு, ஒரு காலில் கெண்டைச்சதை வீக்கம், எல்லாம் அந்த வரிசைதான். மூச்சுத் திணறினால் போன்கூட வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாத இரண்டு உண்டு. மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் சுரீரென்பது நரம்பு விழித்துக்கொள்வது. கையை உயர்த்தினால் மார்பகத்துக்குக் கீழே தோலுக்கடியில் கம்பி இழுத்துக் கட்டியதுபோல ஒரு கோடு எழுந்து வலிப்பது மாண்டர் நோய் எனப்படும், மேலோட்டமான நாளத்தில் ரத்தம் உறைவது. சில வாரத்தில் தானே கரையும். ஒருமுறை சர்ஜனிடம் காட்டி உறுதிசெய்துகொண்டால் போதும். அதை அடிப்பட்டை அறுத்த தடம் என்று நினைத்து பிராவையே கழற்றி எறிகிறவர்கள் உண்டு. பட்டைமேல் எனக்குள்ள வழக்கில் இந்தக் குற்றத்தை மட்டும் சேர்க்க மாட்டேன்.

ஓடத் தொடங்கும்போது இந்த பிரா போதாது. இது அழுத்துகிறது, ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஓடுகையில் மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் எட்டுப்போல அசையும். இம்ப்ளான்ட் அக்குள் பக்கம் நழுவியதற்காகப் பக்கச்சுவரைத் தைத்தவர்களுக்கு அந்தப் பக்கவாட்டு அசைவுதான் வில்லன். தனித்தனிக் கப் உள்ள, முன்னால் திறக்கும், பக்கத்தில் விறைப்பான துணி வைத்த ஸ்போர்ட்ஸ் பிரா தேடுங்கள். ட்ரையல் அறையில் கண்ணாடி முன் பத்துமுறை முன்பாதத்தில் எழும்பி இறங்குங்கள். கப் தோலோடு சேர்ந்து நகர வேண்டும், தோல் கப்புக்குள் தனியாக நகரக்கூடாது.

துணி எவ்வளவு நாள் வரும்? தினமும் மாட்டினால் மூன்றாம் மாதம் எலாஸ்டிக் தொங்கும், ஜிப் தாக்குப்பிடிக்கும், அடிப்பட்டை கடைசிவரை சுருளும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் கொக்கிக்காக. வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள், அதுவும் இரண்டாக: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். விலாச் சுற்றளவை அறுவைக்கு முன்பே எடுத்துக்கொண்டு, வீக்கத்துக்கு இடம் விட்டு ஒரு அளவு பெரிதாக, மூன்று வரிசைக் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் பிராவின் கப் அளவை மட்டும் மூன்றாம் மாதம் முடியும் வரை எடுக்காதீர்கள். அதற்குமுன் அளவு நாடா காட்டுவதில் பாதி வீக்கம்.